மூன்றாவது வேண்டாம்

புஷ்கர்ராய் வசாவடா தன் வாழ்நாளில் யாரிடமும் ஒரு கோப்பை சாய் கேட்டதில்லை. இதை அவரே சொல்வார். நாம் கேட்டாலும் சொல்வார், கேட்காவிட்டாலும் சொல்வார்.

அதனால் அவர் சாய் குடிக்காதவர் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. மணிநகரில் எங்கள் அலக்நந்தா குடியிருப்பில் அவர் அளவுக்குச் சாய் குடித்தவர் எவருமில்லை. ஆனால் ஒவ்வொரு கோப்பையும் அவர்மேல் திணிக்கப்பட்டது. அவர் எதிர்த்தார், தோற்றார், குடித்தார். மழைக்காலம் வந்துவிட்டால் ஒரு பகலுக்குள் நாலைந்து இடங்களில் தோற்றுவிட்டு வருவார்.

முறை எல்லோருக்கும் தெரிந்ததுதான். வந்தவரிடம் "சாய் போடட்டுமா?" என்று கேட்க வேண்டும். வந்தவர் "வேண்டாம், இப்போதுதான் குடித்துவிட்டு வருகிறேன்" என்று சொல்ல வேண்டும். அது பொய் என்று இருவருக்கும் தெரியும். "அதெப்படி, நனைந்து வந்திருக்கிறீர்கள்" என்று வீட்டுக்காரர் மறுபடி கேட்பார். வந்தவர் நெஞ்சில் கை வைத்து "சத்தியமாக வேண்டாம்" என்பார். அப்போது வீட்டுக்காரர் கடைசி ஆயுதத்தை எடுப்பார்: "சரி, பாதியாவது." இதற்கு வரும் மூன்றாவது வேண்டாம் வாயால் சொல்லப்படுவதில்லை. தலை ஒரு பக்கமாகச் சாயும், உதட்டில் தோற்றவனின் சிரிப்பு வரும், அவ்வளவுதான். உள்ளே அடுப்பு பற்றிக்கொள்ளும். சற்று நேரத்தில் பாதிச் சாய் வந்து சேரும். கோப்பை நிரம்பி, சாசரில் வழிந்தபடி. அகமதாபாத்தில் பாதி என்பதை யாரும் அளந்து பார்த்ததில்லை.

மற்றவர்கள் இந்தச் சடங்கை அவசரமாக முடித்துக்கொள்வார்கள். என் வயதுக்காரர்கள் முதல் வேண்டாமைப் பாதி வாயில் சொல்லிவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவார்கள். நாங்கள் சித்தப்பா முறையில் கூப்பிடும் புஷ்கர்காகா அப்படி அல்ல. முதல் வேண்டாமைச் சாதாரணக் குரலில், பேச்சோடு பேச்சாகச் சொல்வார். இரண்டாவதைச் சற்று வருத்தத்தோடு சொல்வார். உங்கள் அன்பை மறுக்க வேண்டியிருக்கிறதே என்ற வருத்தம். மூன்றாவதற்குக் கண்ணை மூடிக்கொள்வார். நன்றாகப் பாடுகிறவர் தாளத்தின் சமத்துக்கு வரும்போது மூடுவாரே, அப்படி. கொடுத்த சாயைக் குடித்துவிட்டு, வீட்டுக்காரியைச் சகோதரி என்றழைத்து, "பென், இந்த மாதிரி சாய் நான் எங்கேயும் குடிச்சதில்ல" என்பார். எல்லா வீட்டிலும் இதே வாக்கியம்தான். எல்லா வீட்டிலும் நம்பினார்கள்.

இந்த வேண்டாம் அவருக்குக் கொஞ்சம் செலவும் வைத்திருக்கிறது. கூட்டுறவு வங்கி ஒன்றில் துணை மேலாளராக இருந்தார். வெளி மாநிலத்திலிருந்து வந்த புதிய தலைவர் ஒருநாள் அவரை அறைக்குக் கூப்பிட்டு, "வசாவடா, கிளையை நீங்களே எடுத்து நடத்துகிறீர்களா?" என்று கேட்டிருக்கிறார். காகா நெஞ்சில் கை வைத்து, "ஐயோ, நான் எங்கே, அந்த நாற்காலி எங்கே" என்றிருக்கிறார். அந்த மனிதர் "சரி" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். காகா வீட்டுக்கு வந்து இரண்டாவது அழைப்புக்காகக் காத்திருந்தார். ஓய்வு பெறும்வரை காத்திருந்தார். இப்போது கேட்டால், "பதவியா? கொடுத்தாங்க. நான் வேணாம்னுட்டேன்" என்பார்.

பெண் பார்க்கப் போன இடத்திலும் இதே கதை. பெண் பிடித்திருக்கிறதா என்று கேட்டதற்குப் பழக்கதோஷத்தில் "இல்ல, இல்ல" என்றாராம். நல்லவேளையாகப் பெண் வீட்டார் பாவ்நகர்க்காரர்கள். மூன்று தடவை கேட்காமல் விடமாட்டார்கள். அப்படித்தான் தருலதாபென் அவருக்கு மனைவியானார், எங்களுக்குத் தருகாகி ஆனார். இதைத் தருகாகி அவர் எதிரிலேயே சொல்வார். காகா தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துச் சிரிப்பார்.

போன வருடம் காகாவுக்குச் சர்க்கரை என்று தெரிந்தது. காலையில் ஒரு கோப்பை, சர்க்கரை போடாமல், அத்தோடு சரி என்றார் டாக்டர். வீட்டுக்குள் தருகாகி அதைக் கண்டிப்பாக நடத்தினார். வீட்டுக்கு வெளியே காகா தோற்றுக்கொண்டே இருந்தார். நாலு மாடியில் யார் வீட்டில் பால் பொங்கினாலும் அவர் ஏதோ வேலையாக அந்தப் பக்கம் போவார். தண்ணீர்க் குழாய் சரியாக இருக்கிறதா, சுவரில் ஈரம் கசிகிறதா என்று பார்ப்பார். அவரை அந்த வேலைக்கு யாரும் போட்டதில்லை.

ஆடி மழை பிடித்துக்கொண்ட சமயத்தில் தருகாகி வடோதராவில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. போவதற்கு முந்தின மாலை ஒவ்வொரு கதவாகத் தட்டினார். எங்கள் கதவையும் தட்டினார்.

அம்மா உள்ளே கூப்பிட்டார். காகி வாசலிலேயே நின்றார்.

"அவருக்குச் சாய் குடுக்காதீங்கன்னு நான் சொல்லல. வந்தவங்களுக்குச் சாய் குடுக்காம அனுப்புங்கன்னு எந்த வாயால சொல்றது? தாராளமா கேளுங்க. ஒரு தடவை கேளுங்க. வேணாம்னு சொல்வார்." காகி படிக்கட்டை ஒரு பார்வை பார்த்துக்கொண்டார். "சொன்னா, நம்பிடுங்க."

அம்மாவுக்குச் சட்டென்று புரியவில்லை. "அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். அவர் செத்தாலும் கேட்க மாட்டார். எனக்குத் தெரியும்."

வீட்டில் சாய்த்தூள் டப்பாவை ஒளித்து வைக்கவும் இல்லை. அடுப்பை எந்தப் பக்கம் திருப்பினால் எரியும் என்பது காகாவுக்குத் தெரியாத விஷயங்களில் ஒன்று. முனையில் இருக்கும் சாய்க் கடையில் காசு கொடுத்துத் தனியாக நின்று குடிப்பதை அவர், சொந்தபந்தம் யாருமில்லாதவன் செய்கிற காரியம் என்று நினைத்தார். அதற்கும் வழியில்லாமல் போனது. அடுத்த நாள் மதியம் பெய்த மழையில் முனை முழுக்கத் தண்ணீர். கடைக்காரர் தன் அடுப்பைத் தலையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனதை நாங்கள் மாடியிலிருந்து பார்த்தோம்.

அன்று நான் அம்மாவின் ஒரு பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்க இரண்டாம் மாடி பன்னாபென் வீட்டுக்குப் போயிருந்தேன். அவர் தால்வடா பொரித்துக்கொண்டிருந்தார். சாப்பிடாமல் போகக் கூடாது என்று உட்கார வைத்துவிட்டார். பக்கத்து அடுப்பில் சாய் கொதித்தது. இஞ்சியைச் சின்ன உரலில் நசுக்கிப் போட்டிருந்தார். பால்கனித் தொட்டியிலிருந்து எலுமிச்சம்புல் இரண்டு தாள் கிள்ளி, முடிச்சுப் போட்டு உள்ளே விட்டிருந்தார். கூடவே புதினா. வெளியே மழை ஒரே வரியைத் திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டிருந்தது.

மணி அடித்தது. புஷ்கர்காகா. கையில் குடை, மாடிப்படியில் வருவதற்கு.

"பன்னா, உங்க சமையலறைச் சுவர்ல ஈரம் வருதான்னு பாக்கலாம்னு வந்தேன்."

"வாங்க காகா, உக்காருங்க." பன்னாபென்னின் கையில் கரண்டி நின்றது. என்னை ஒரு பார்வை பார்த்தார். "சாய் தரட்டுமா காகா?"

"சே சே, வேணாம்மா. இப்பதான் குடிச்சேன்." சாதாரணக் குரல். பேச்சோடு பேச்சு.

"சரி காகா."

காகா சுவரைப் பார்க்கத் தொடங்கியவர் அப்படியே நின்றார். படிக்கட்டு முடிந்துவிட்டது தெரியாமல் இன்னொரு படி இருக்கும் என்று காலை வைத்தவரைப் போல இருந்தது அவர் முகம்.

"இல்ல, சுவர் நல்லாத்தான் இருக்கு" என்றார். பன்னாபென் அடுத்த தால்வடாவைத் திருப்பிப் போட்டார். "இந்த மழை இருக்கே, எலும்புக்குள்ள போகுது."

"ஆமா காகா."

"எலுமிச்சம்புல் வாசனை வருது."

"தொட்டியில நல்லா வளந்திருக்கு காகா. வேணும்னா காகி வந்ததும் ஒரு கன்னு தரேன்."

பன்னாபென் நல்லவர். அவருடைய உதடு "பாதியாவது" என்பதற்காக இரண்டு முறை குவிந்தது. வாயில் தால்வடாவைப் போட்டு அதை அடைத்துக்கொண்டார். அந்த நேரம் பார்த்து அவர் கணவர் ஜயேந்திரபாய் உள்ளறையிலிருந்து வந்து, கோப்பையை எடுத்து, சாசரில் ஊற்றி, ஊதி, சத்தமாக உறிஞ்சினார். அவருக்கு ஒப்பந்தம் எதுவும் தெரியாது. "காகா, நீங்க குடிக்கலையா?" என்றார்.

காகாவின் கண்ணில் வெளிச்சம் வந்தது. கை தானாக நெஞ்சுக்குப் போனது. "இல்ல ஜயேந்திரா, சத்தியமா வேணாம்."

"அவர் இப்பதான் குடிச்சாராம். நீங்க குடிங்க" என்றார் பன்னாபென், கணவரின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு.

காகா கிளம்பினார். நானும் எழுந்தேன், இன்னும் கொஞ்ச நேரம் அங்கே இருந்தால் பன்னாபென் அழுதுவிடுவார் என்று தோன்றியது.

எதிர்க் கதவு முகுந்த் மாஸ்தருடையது. ஓய்வு பெற்ற இலக்கண ஆசிரியர். கதவைத் திறந்துவைத்து, ஊஞ்சலில் உட்கார்ந்து, சாய்க் கோப்பையை மடியில் வைத்திருந்தார். சுக்கும் மிளகும் பட்டையும் சேர்ந்த வாசனை வாசலுக்கு வந்தது.

"வாங்க புஷ்கர்பாய், வாங்க. ஒரு சாய்?"

"வேணாம் முகுந்த்பாய். வயிறு நிறைஞ்சிருக்கு."

"சரி."

இவர் மற்றவர்களைப் போலக் கஷ்டப்படவில்லை. ஊஞ்சலைக் காலால் உந்தினார்.

"என்ன முகுந்த்பாய், ஒரேயடியா சரின்னுட்டீங்க?" என்று சிரித்தார் காகா. சிரிப்பு நீளமாக இருந்தது.

"நீங்க வேணாம்னு சொன்னீங்க. உங்க வார்த்தையை நான் சந்தேகப்படலாமா? வேணாம்ங்கிறதுக்கு ஒரே அர்த்தம்தான் புஷ்கர்பாய். காலமெல்லாம் இலக்கணம் நடத்தினவன் சொல்றேன்."

"அது சரி, அது சரி. ஆனா மரியாதைன்னு..."

"மரியாதைதான். நீங்க எவ்வளவு பெரிய மனுஷர். பேங்க்ல மேலாளர் பதவியையே வேணாம்னவர் ஆச்சே. ஒரு சாய் எம்மாத்திரம்?"

காகா குடையை ஊன்றி மேலே ஏறினார். படியில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட இல்லை. ஆனாலும் மெதுவாக, வழுக்கும் என்பதுபோல ஏறினார். எங்கள் தளத்தில் நின்றார். அதற்கு மேல் மொட்டை மாடிதான்.

"அம்மா இருக்காங்களா தீக்ரா?" என்றார், என்னை மகனே என்று கூப்பிட்டு.

"வேலையில இருந்து இன்னும் வரல காகா. சுரங்கப்பாதையில தண்ணி நிக்குதாம்."

"உங்க கூரை ஒழுகுதான்னு பாக்கணும்."

கூரை ஒழுகவில்லை. அவர் ஜன்னலோரம் உட்கார்ந்தார். மின்சாரம் போனது. அவர் கூரையைப் பார்த்த நேரத்தில் நான் எனக்கென்று அடுப்பில் சாய் வைத்திருந்தேன். உடனே அதை அணைத்துவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் ஏலக்காய் ஏற்கெனவே பேசத் தொடங்கிவிட்டது. கேட்காமல் இருப்பது தப்பு. கேட்டேன்.

"சாய் குடிக்கிறீங்களா காகா?"

"வேணாம்ப்பா" என்றார். சொன்ன பிறகு அவரே தன் வாயைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

நான் மறுபடி கேட்கவில்லை. காகி சொன்னதற்காக மட்டுமல்ல. ஒருவரை இரண்டாம் தடவை கேட்பது எனக்கு எப்போதுமே வருவதில்லை.

"இந்தக் கட்டடம் பழைய மாதிரி இல்ல தீக்ரா" என்றார் ஜன்னலைப் பார்த்தபடி. "ஜனங்களுக்குப் பேச்சு மறந்துபோச்சு. காது கேக்குது, ஆனா கேக்க மாட்டேங்குது. முந்தியெல்லாம் ஒருத்தன் வேணாம்னு சொன்னா, அவனுக்கு என்ன வேணும்னு புரிஞ்சிக்கிற அளவுக்கு நாகரிகம் இருந்தது."

என் தொலைபேசி அடித்தது. தருகாகி. காகாவின் தொலைபேசியில் சார்ஜ் தீர்ந்துவிட்டதாம். ஒலிபெருக்கியைப் போட்டு அவர் முன்னால் வைத்தேன்.

"எங்க இருக்கீங்க? மழை ரொம்பவாமே. டிவியில காட்டறாங்க."

"மேல, இவங்க வீட்ல. கூரை பாக்க வந்தேன்."

"குரல் ஏன் இப்படி இருக்கு?"

"எப்படி இருக்கு? நல்லாத்தான் இருக்கு."

மறுமுனையில் மழை கேட்டது. அங்கேயும் பெய்துகொண்டிருந்தது போலும். பிறகு காகியின் குரல் இறங்கி வந்தது. கல்யாணம் ஆன புதிதில் அந்தக் குரல் இருந்திருக்கும்.

"நேத்திலேருந்து எனக்கும் மனசு கேக்கல. இந்தக் குளிர்ல ஒரு சாய் குடிச்சா ஒண்ணும் ஆயிடாது. நான் வேணா சொல்லட்டுமா அந்தப் பையன்கிட்ட? இன்னிக்கு மட்டும் ஒண்ணு குடிக்கிறீங்களா?"

நான் கோப்பையைத் தேட எழுந்துவிட்டேன்.

"சே சே, வேணாம் தரு" என்றார் காகா. "எனக்கு எதுக்கு?"

அறையில் இருந்த நாங்கள் இருவரும் ஒரே சமயத்தில் அதைக் கேட்டோம்.

"நிஜமாவா?" என்றார் காகி. "இவ்வளவு கட்டுப்பாடு உங்களுக்கு இருக்கும்னு நான் நினைக்கவே இல்ல. நான்தான் உங்களைத் தப்பா நினைச்சிட்டேன். சரி, வச்சிடறேன். பாப்பா கூப்பிடறா."

வைத்துவிட்டார்.

காகா தொலைபேசியையே பார்த்துக்கொண்டிருந்தார். அதன் வெளிச்சம் அணைந்ததும் அவர் முகமும் மங்கிப்போனது. இத்தனை நாள் யாரோ தன்னிடம் கொடுத்து வைத்திருந்த பொருளை இப்போதுதான் எடைபோட்டுப் பார்ப்பவர் போல உட்கார்ந்திருந்தார். அடுப்பில் சாய் பொங்கி வந்தது. நான் அணைத்தேன். அணைத்த பிறகு அந்த அறையில் இருந்த ஒரே சத்தம் மழைதான்.

"எனக்குச் சாய் வேணும்" என்றார்.

மழையில் எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. "என்ன காகா?"

அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். காது மடல்கள் சிவந்திருந்தன. எழுபதை நெருங்குகிற ஒரு மனிதர் வெட்கப்படுவதை அவ்வளவு பக்கத்தில் நான் பார்த்ததில்லை.

"சாய் வேணும்ங்கிறேன்!" மாடிப்படி முழுக்க எதிரொலித்தது. கீழே எங்கோ ஒரு கதவு திறந்தது. "எனக்கு வேணும்! குடு!"

கோப்பையை நிரப்பி, சர்க்கரை போடாமல் கொடுத்தேன். அவர் சாசரில் ஊற்றினார். ஊதினார். குடித்தார். வேட்டி நுனியால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார், ஆவி படிந்திருந்தது. "இந்த மாதிரி சாய் நான் எங்கேயும் குடிச்சதில்ல" என்ற வாக்கியத்துக்காக நான் காத்திருந்தேன்.

"கொதி பத்தல" என்றார்.

"காகா?"

"பால் ஊத்தின பிறகு நல்லா பொங்க விட்டு, இறக்கி, திரும்பப் பொங்க விடணும். நீ முதல் பொங்குலயே பயந்துட்டே. ஏலக்காயும் தோலோட போட்டிருக்கே, சோம்பேறித்தனம்." இன்னொரு வாய் குடித்தார். "ஆனா குடிக்கலாம்."

சொன்னவர் சட்டென்று நிமிர்ந்தார். அப்போதுதான் அவருக்கே அது தெரிந்திருக்க வேண்டும். வற்புறுத்திக் கொடுத்த சாயை யாரும் குறை சொல்ல முடியாது. அது வற்புறுத்தியவரின் அன்பு. கேட்டு வாங்கிய சாய் அப்படியல்ல. அது வெறும் சாய். அதில் கொதி பத்தலாம், பத்தாமல் இருக்கலாம். சொந்த வீட்டில் இத்தனை வருஷம் திறக்காத அறை ஒன்றைத் திறந்துவிட்டவர் போல அவர் என்னைப் பார்த்தார்.

"இன்னும் இருக்கா?" என்றார்.

மறுநாளும் மழை விடவில்லை. அம்மா சொல்லி நான் பன்னாபென் வீட்டுக்குத் தயிர் கொண்டு போனபோது காகா அங்கே சமையலறை வாசலில் நின்றிருந்தார். குடை இல்லை. சுவரைப் பார்க்க வந்ததாகச் சொல்லவும் இல்லை.

"சாய் போடட்..." என்று பன்னாபென் தொடங்கினார்.

"போடு, போடு. சர்க்கரை வேணாம். போன வாரம் போட்டியே அது மாதிரி போடாதே. புதினாவை அள்ளிக் கொட்டினா கஷாயம் ஆயிடும். எத்தனை வருஷமா சொல்லணும்னு இருந்தேன்."

பன்னாபென்னின் கையில் கரண்டி மறுபடி நின்றது. இந்த மாதிரி சாய் எங்கேயும் குடித்ததில்லை என்று அவரிடம் எத்தனை வருஷமாகச் சொல்லி வந்தவர் இந்த மனிதர்.

பகலுக்குள் எல்லா வீட்டுச் சாய்க்கும் தீர்ப்பு வந்துவிட்டது. முதல் மாடியில் பால் தண்ணீர் என்றார். எங்கள் அம்மாவிடம், "நீங்க நல்லா போடறீங்க, ஆனா ஆறிப்போன பிறகு குடுக்கறீங்க" என்றார். முகுந்த் மாஸ்தரின் ஊஞ்சலில் போய் உட்கார்ந்து, அவர் கேட்பதற்கு முன்பே ஒரு கோப்பை வாங்கிக் குடித்து, "முகுந்த்பாய், இதுல சுக்கு இருக்கு, மிளகு இருக்கு, பட்டை இருக்கு. சாய்த்தூளுக்குத்தான் அழைப்பு போகல" என்றார். மாஸ்தர் ஊஞ்சலை நிறுத்திவிட்டார். வேண்டும் என்பதற்கும் ஒரே அர்த்தம்தான் என்று இலக்கணம் தெரிந்தவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

தருகாகியின் ஏற்பாட்டில் வேண்டாம் என்றால் என்ன செய்வது என்று இருந்தது. வேண்டும் என்றால் என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை.

மாலையில் முகுந்த் மாஸ்தர் எங்கள் வாசலில் வந்து நின்றார். "உன் வீட்ல வச்சுதானே அந்த ஆளு வாயைத் திறந்தது?" என்று என்னைக் கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். பின்னாலேயே பன்னாபென் வந்தார். என் தொலைபேசியை வாங்கித் தருகாகியைக் கூப்பிட்டார்.

"காகி, எப்ப வரீங்க?"

"ஏன், சாய் குடிக்கிறாரா?"

"குடிச்சா பரவாயில்ல காகி, சர்க்கரை போடாமத்தான் குடுக்கறோம். ஆனா குடிச்சிட்டு உண்மையைப் பேசறார்."

நாங்கள் ஒலிபெருக்கியைச் சுற்றி நின்றோம். வடோதராவில் யாரோ பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது, நின்றது.

"பன்னா" என்றார் தருகாகி, மெதுவாக. "என் சாயைப் பத்தி ஏதாவது சொன்னாரா?"

பன்னாபென் தொலைபேசியைக் கையால் பொத்திக்கொண்டு எங்களைப் பார்த்தார். முகுந்த் மாஸ்தர் செருப்பைத் தேடினார்.